இரண்டரை ஆம்ப்யூல்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு 33 வயது. அமெரிக்காவில் செவிலியர் கல்லூரிகள் பல கேட்கும் டீஸ் நுழைவுத் தேர்வை எழுதினேன். வாசிப்பிலும் ஆங்கிலத்திலும் நல்ல மதிப்பெண்; அறிவியலில் பரவாயில்லை; கணக்கில் சரிந்துவிட்டேன். படுக்கையில் கிடந்த மாமியாரை மூன்றாண்டுகள் பார்த்துக்கொண்டவள் நான். எனக்குப் பின்னமும் விகிதமும் தெரியுமா என்று ஒரு கணினித் திரை கேட்பது அவமானமாக இருக்கிறது. நோயாளியிடம் அன்பு இருந்தால் போதாதா? கைவிளக்கேந்திய காரிகை எந்தக் கணக்குத் தேர்வை எழுதிவிட்டுப் போர்முனைக்குப் போனார்? மறுமுறை எழுதுவதற்குப் பயிற்சி வகுப்பில் சேரலாமா, வீட்டிலேயே படிக்கலாமா, இந்த வயதில் இதெல்லாம் தேவைதானா என்று சொல்லுங்கள்.

வ.

அன்புள்ள வ.,

வயதைப் பற்றி ஒரு வரிக்குமேல் எழுத மாட்டேன்: 33 வயது இந்தப் படிப்புக்குத் தடையல்ல. மூன்றாண்டுகள் ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் புண் வராமல் காத்து, பேசவே சலித்துப்போன முகத்திடம் பேச்சுக் கொடுத்த உங்கள் கைகளை வணங்குகிறேன். ஆனால், அன்பு போதாதா என்ற வரியைப் படித்ததும் எனக்கு முகம் சுட்டது. ஏறத்தாழ அதே சொற்களை, இன்னும் கடுமையான குரலில், ஒரு செவிலியரிடம் நானே சொல்லியிருக்கிறேன். சென்ற வாரம் அப்பாவின் பழைய மருத்துவக் காகிதங்களை அடுக்கும்போது அந்த இரவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் உங்கள் கடிதம் வந்தது.

அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த இரவு அது. வலியில் முனகிக்கொண்டிருந்தார். மார்ஃபின் கொடுக்கும்படி மருத்துவர் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். செவிலியரோ மருந்துத் தாளையும், ஊசிமருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பியான ஆம்ப்யூலையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார்; பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் எதையோ எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். எனக்குப் பொறுக்கவில்லை. "மனிதர் துடிக்கிறார், நீங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்களே, கொஞ்சமாவது இரக்கம் இருக்கிறதா?" என்று சத்தம் போட்டேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "ஒரு ஆம்ப்யூல் ஒரு மில்லிலிட்டர். அதில் 10 மில்லிகிராம். தாளில் 25 என்று இருக்கிறது. அப்படியானால் இரண்டரை ஆம்ப்யூல் உடைக்க வேண்டும். ஒரு வேளைக்கு யாருக்கும் நான் இரண்டரை ஆம்ப்யூல் உடைத்ததில்லை." மருத்துவரைத் தொலைபேசியில் எழுப்பிக் கேட்டார். மருத்துவர் எழுத நினைத்தது 2.5, அவசரத்தில் புள்ளி தாளில் பதியவில்லை. அப்பாவின் உடலுக்குள் சென்றது கால் மில்லிலிட்டர் மட்டுமே. மார்ஃபின், அளவு மிஞ்சினால், வலியோடு மூச்சையும் அடக்கிவிடும் மருந்து. நான் இரக்கமற்றவர் என்று ஏசிய அந்தப் பெண்தான் அன்றிரவு அந்த அறையில் அப்பாவின் உயிர்மேல் கண்ணாக இருந்தவர்.

கைவிளக்கேந்திய காரிகையைத் துணைக்கு அழைத்தீர்களே, அது பெரும் பிழை. பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் விளக்கை மட்டும் படத்தில் பார்த்துவிட்டு, அவர் கையிலிருந்த கணக்கேட்டை மறந்துவிடுகிறோம். கிரிமியப் போரில் காயத்தால் மாண்டவர்களைவிட நோயால் மாண்ட வீரர்களே அதிகம் என்பதை மாதவாரியாக எண்ணி, 1858இல் வட்ட வரைபடங்களாக வெளியிட்டவர் அவர். லண்டன் புள்ளியியல் சங்கம் தேர்ந்தெடுத்த முதல் பெண் உறுப்பினரும் அவர்தான். செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860இல் அவர் தொடங்கிய செவிலியர் பள்ளி அதற்குப் பிறகு வந்தது. அவர் பெயரைச் சொல்லிக் கணக்கை விலக்க இனி முயலாதீர்கள்.

நீங்கள் சரிந்த பகுதிக்கு வருகிறேன். 38 கேள்விகள், 57 நிமிடம். ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். கால்குலேட்டரைத் திரையிலேயே தருகிறார்கள். ஆகவே அங்கே சோதிக்கப்படுவது உங்கள் பெருக்கல் வேகமன்று. எதை எதனால் வகுப்பது என்ற தெளிவும், வந்த விடை நம்பத்தக்கதா என்ற சந்தேகமும்தான். 0.25, 2.5, 25 ஆகிய மூன்றையும் கால்குலேட்டர் ஒரே அமைதியோடு காட்டும். எது ஆகாது என்று அதற்குத் தெரியாது. மில்லிகிராமுக்கும் மைக்ரோகிராமுக்கும் இடையே 1000 மடங்கு இருக்கிறது என்பதை மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கூட, அசதியில் எந்தப் பக்கம் பெருக்குவது என்று தடுமாறக்கூடும். அரை மில்லிகிராமை முன்னால் சுழியமில்லாமல் .5 என்று எழுதாதே, ஐந்தை 5.0 என்று எழுதாதே என்று செவிலியருக்குச் சொல்லித்தருவதும் இதற்காகத்தான்: புள்ளி மங்கினால் முன்னது 5 ஆகிவிடும், பின்னது 50 ஆகிவிடும். எனவே ஒவ்வொரு கணக்கையும் தொடங்குமுன், விடை ஒன்றுக்குள் வருமா, பத்தை ஒட்டி வருமா, நூறைத் தாண்டுமா என்று ஓர் உத்தேசத்தைக் காகிதத்தின் ஓரத்தில் எழுதுங்கள். பிறகு கணக்கைப் போடுங்கள். இரண்டும் வெகுதூரம் விலகினால், நேரமாகிறதே என்று பதறாமல் கேள்வியை மறுபடி படியுங்கள். அந்தச் செவிலியர் செய்தது இதைத்தான். பள்ளியில் நமக்குச் சொல்லித்தராமல் விட்டதும் இதைத்தான்.

அவமானம் என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஒருவரின் ரத்த நாளத்துக்குள் மருந்து செலுத்தும் உரிமையைக் கேட்கிறீர்கள். உங்களுக்கு அளவு தெரியுமா என்று அவர் சார்பில் யாராவது கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பயிற்சி வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மற்ற மூன்று பகுதிகளும் கைவசம் இருக்கும்போது அதற்கு அவசியமில்லை. வீட்டிலேயே நாள்தோறும் ஒரு மணி நேரம் பின்னம், தசமம், விகிதம், அலகு மாற்றம் ஆகியவற்றோடு உட்காருங்கள். மறுமுறை எழுதுவதற்கு எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்பதை நீங்கள் சேர விரும்பும் கல்லூரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கணக்கை நானே தருகிறேன். 1000 மில்லிலிட்டர் திரவம் 8 மணி நேரத்தில் நோயாளிக்குள் இறங்க வேண்டும். குழாயில் 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? விடையை மட்டும் அனுப்பாதீர்கள். ஓரத்தில் எழுதிய உத்தேசத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.