மாமனாருக்கு மாடு, உங்களுக்கு மாளிகை: விம்போலில் ஒரே நாள்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து, பழைய மாளிகையும் பண்ணையும் உள்ள விம்போல் எஸ்டேட்டுக்கு ஒரே நாளில் போய்வர வேண்டும், மாமனார் விவசாயி, முழங்கால் வலி, மாளிகையா பண்ணையா என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் பண்ணைக்கு முதலில் போங்கள். காலையில் கால் தெம்பாக இருக்கும்போதே அதைப் பார்த்துவிட வேண்டும். மாளிகைக்கு வாசலிலேயே படிகள், உள்ளேயும் படிகள்.

பண்ணையைச் சும்மா வேடிக்கைக்கு வைத்ததாக நினைக்க வேண்டாம். அப்போது எஸ்டேட்டின் சொந்தக்காரராக இருந்த ஹார்ட்விக் பிரபுவுக்காக 1794 வாக்கில் சர் ஜான் சோன் வடிவமைத்தது. லண்டனில் பாங்க் ஆஃப் இங்கிலாந்துக்குக் கட்டடம் எழுப்பியவர் மாட்டுத் தொழுவத்துக்கும் வரைபடம் போட்டிருக்கிறார்! பெரிய களஞ்சியத்தின் கூரை வைக்கோல் வேய்ந்தது. உங்கள் மாமா அதன்கீழ் நின்றால் சீக்கிரம் நகர மாட்டார். அருகிவரும் நாட்டு இனங்களைத்தான் வளர்க்கிறார்கள். நீள்கொம்பு மாடுகளையும் ஷையர் குதிரைகளையும் விட்டுவிடாதீர்கள். முன்பு ஏர் இழுத்த குதிரை இனம் அது. நம்மூர் வண்டிக்குதிரையை மனதில் வைத்துப் போனால் அதன் உருவத்தைப் பார்த்து அசந்துபோவீர்கள்.

மதியம் அவரை நிழலில் உட்காரவைத்துவிட்டு மாளிகையை ஒரு சுற்று சுற்றுங்கள். ஜேம்ஸ் கிப்ஸ் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய நூலகம், சோனின் மஞ்சள் அறை, இரண்டும் போதும். ‘ஜங்கிள் புக்’ எழுதிய ருட்யார்ட் கிப்ளிங்கின் மகள் எல்சி கடைசியாக வாழ்ந்த வீடு இது. 1976இல் அவர் இறந்தபின் பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குப் போனது.

மாளிகை திறக்கும் நேரத்தை மட்டும் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.