சிறையிலிருந்து ஓர் அழைப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கச் சிறைகளில் இருக்கும் உறவினரோடு தொலைபேசியிலும் காணொளியிலும் பேசுவது பற்றி வந்த கடிதங்களில் சில இங்கே. எழுதியவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டேன். வெளியே சொல்லவே தயங்கும் ஒன்றை எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். அந்தத் துணிவுக்கு என் மரியாதை.

கேள்வி: கலிபோர்னியாவில் என் தம்பி மூன்று மாதமாகக் கவுன்ட்டி ஜெயிலில், அதாவது மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம் நடத்தும் சிறையில், இருக்கிறான். விசாரணை இன்னும் தொடங்கவில்லை. தண்டனை பெற்று மாநிலச் சிறையில் இருக்கும் மகனோடு என் தோழி இலவசமாகப் பேசுகிறார். நானோ நிமிடத்துக்கு நிமிடம் பணம் கட்டுகிறேன். ஏன்?

பதில்: உங்கள் மாநிலத்தில் 2023 ஜனவரி முதல் மாநிலச் சிறைகளிலிருந்து அழைப்பது இலவசம். அந்தச் சட்டம் கவுன்ட்டி ஜெயில்களைத் தொடவில்லை. ஜெயிலில் இருப்பவர்களில் பெரும்பான்மையோர் உங்கள் தம்பியைப் போலக் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள் என்பதால் இந்த விடுபடல் என்னை மிகவும் உறுத்துகிறது.

வேர் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஜெயிலுக்கு எந்தத் தொலைபேசி நிறுவனம் என்பதைத் தீர்மானிப்பது கவுன்ட்டி நிர்வாகம். பல இடங்களில் அழைப்பு வருமானத்தில் ஒரு பங்கைக் கமிஷனாக அந்த நிறுவனம் கவுன்ட்டிக்குத் திருப்பித் தந்துவந்திருக்கிறது. கமிஷன் அதிகமானால் கவுன்ட்டிக்கு வரவு. அதைத் தருபவர் நீங்கள். கட்டணத்தைப் பேசி முடிக்கும் இருவரில் ஒருவர்கூட அதைக் கட்டுபவர் அல்லர்; கட்டுகிற உங்களுக்கோ வேறு நிறுவனத்துக்கு மாறும் வழியில்லை.

ஆகவே முதலில் அந்த ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள். அது பொது ஆவணம். கலிபோர்னியாவின் பொது ஆவணச் சட்டப்படி எழுதிக் கேட்டால், தர முடியுமா என்பதைப் பொதுவாக 10 நாளுக்குள் சொல்ல வேண்டும். வந்ததும் மூன்றைப் பாருங்கள்: நிமிடக் கட்டணம், கவுன்ட்டியின் பங்கு, ஒப்பந்தம் முடியும் நாள். மூன்றாவதுதான் மிக முக்கியம். புதுப்பிக்கும் வேளையில், கவுன்ட்டியை ஆளும் மேற்பார்வையாளர் குழுவின் கூட்டத்தில் பத்துக் குடும்பங்கள் எழுந்து பேசினால் அதன் எடை வேறு. உள்ளூர் அளவில் இது முடியாத காரியமும் அல்ல. நியூயார்க் நகரம் 2019இலும் சான் பிரான்சிஸ்கோ 2020இலும் தங்கள் ஜெயில் அழைப்புகளை இலவசமாக்கின. மாசசூசெட்ஸ் 2023 டிசம்பரில் மாநிலச் சிறைகளோடு கவுன்ட்டி ஜெயில்களையும் சேர்த்தே இலவசமாக்கியது.

கேள்வி: நாடு முழுமைக்கும் கட்டணத்தைக் குறைக்கச் சட்டம் வந்துவிட்டது என்று படித்தேன். எங்கள் கட்டணம் குறையவில்லையே?

பதில்: வாஷிங்டனில் மார்த்தா ரைட் என்று ஒரு பாட்டி இருந்தார். ஓய்வுபெற்ற செவிலியர், கண்பார்வை இழந்தவர். தொலைதூரச் சிறைகளுக்கு மாற்றப்பட்டுக்கொண்டிருந்த பேரனோடு பேசுவதற்கு அவருக்கு ஆன செலவு தாங்க முடியாததாக இருந்தது. 2000இல் வழக்குத் தொடுத்தார்; 2003இல் கூட்டாட்சித் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியிடம் மனுக் கொடுத்தார். ஆணையம் மாநிலங்களுக்கு இடையேயான அழைப்புகளுக்கு உச்சவரம்பு வைக்க 2013 ஆயிற்று. ஒரே மாநிலத்துக்குள் பேசும் அழைப்புகளுக்கும் வரம்பு வைக்க முயன்றபோது, அதற்கு ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜெயில் அழைப்பு பெரும்பாலும் அதே ஊரில் இருக்கும் குடும்பத்துக்குத்தானே வரும்! அந்த அதிகாரத்தையும் காணொளி அழைப்பின் மீதான அதிகாரத்தையும் தந்தது 2023 ஜனவரியில் கையெழுத்தான, அவர் பெயரைத் தாங்கிய சட்டம். அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

அதன்படி 2024 ஜூலையில் ஆணையம் வைத்த வரம்பு, சிறைகளுக்கும் 1000 பேருக்கு மேல் உள்ள ஜெயில்களுக்கும் நிமிடத்துக்கு 6 சென்ட். மிகச் சிறிய ஜெயில்களுக்கு 12 சென்ட். கமிஷனையும் துணைக் கட்டணங்களையும் தடைசெய்தது. ஆனால் 2025இல் இவற்றை அமலாக்கும் காலக்கெடுவைத் தள்ளிவைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் வரம்புகளை உயர்த்தவும் வாக்களித்தது. இது பின்வாங்கல் என்றே நான் கருதுகிறேன். இன்று உங்கள் ஜெயிலுக்குப் பொருந்தும் வரம்பை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். அதைவிட அதிகமாக வாங்கினால் அங்கேயே புகார் தரலாம். கட்டணமோ வழக்கறிஞரோ வேண்டாம். ஆணையம் புகாரை அனுப்பியபின் நிறுவனம் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி: நாங்கள் தமிழில்தான் பேசுகிறோம். வழக்கைப் பற்றிப் பேசினால் என்ன?

பதில்: பேசவே பேசாதீர்கள். அழைப்புகள் பதிவாகின்றன, அரசுத் தரப்பு அவற்றை நீதிமன்றத்தில் வைக்கும். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் போதும், தமிழ் மறைப்பாக இருக்காது. சாதாரணமாகச் சொன்ன "கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பதற்குக்கூட மொழிபெயர்ப்பில் வேறு பொருள் ஏறிவிடலாம். வழக்கறிஞரின் எண்ணைப் பதிவுசெய்யக் கூடாத எண்ணாகச் சேர்த்திருக்கிறார்களா என்று அவரையே உறுதிசெய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மா ஊரில் இருக்கிறார். அண்ணன் எனக்கு அழைக்கும்போது அம்மாவையும் இணைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். மூவர் அழைப்பையும் அழைப்பைத் திருப்பிவிடுவதையும் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் தடைசெய்திருக்கிறார்கள். கண்டுபிடித்தால் அழைப்பு துண்டிக்கப்படும். அண்ணன் பேசும் உரிமையையே சில வாரம் இழக்கவும் கூடும். வெளிநாட்டு அழைப்புக்கு உள்நாட்டு வரம்போடு அந்த நாட்டுக்கு இணைப்புத் தரும் செலவும் சேர்வதால் கட்டணம் ஏறும். அண்ணன் இருக்கும் இடத்தில் காணொளி வசதி இருந்தால் அம்மாவின் பெயரில் கணக்குத் தொடங்க முடியுமா என்று கேளுங்கள். அண்ணன் வேற்று நாட்டுக் குடிமகன் என்றால் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தரும்படி கேட்க அவருக்கு உரிமை உண்டு. துணைத் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு தரும் உரிமை அது.

கேள்வி: ஜெயிலில் காணொளி வந்தது, நேரில் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். என் நான்கு வயது மகள் திரையில் அப்பாவைப் பார்த்தால் எழுந்து ஓடிவிடுகிறாள்.

பதில்: உங்கள் மகள் செய்வதில் தவறே இல்லை. அப்பா எங்கேயோ பார்த்துப் பேசுகிறார், குரல் ஒரு நொடி தாமதித்து வருகிறது, தொட முடியவில்லை. நான்கு வயதுக் குழந்தைக்கு அது அப்பா அல்ல. படம் வரைந்து திரையில் காட்டச் சொல்லுங்கள், அவர் ஒரே கதையைத் தொடர்கதையாகச் சொல்லட்டும். பத்து நிமிடம் போதும், அவள் போனால் விட்டுவிடுங்கள்.

தொலைவில் இருப்பவர்களுக்குக் காணொளி பெரிய உதவி. ஆனால் அது நேர்ச்சந்திப்போடு கூடுதலாக வர வேண்டும், அதற்குப் பதிலாக அல்ல. சில கவுன்ட்டிகளின் ஒப்பந்தத்தில் நேர்ச்சந்திப்பை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையே இருந்திருக்கிறது! டெக்சஸ் 2015இல் நேர்ச்சந்திப்பைக் காக்கச் சட்டம் இயற்றியது, பல ஜெயில்களுக்கு விலக்கும் அளித்தது. மிச்சிகனில் 2024இல் குழந்தைகளின் சார்பில் இதற்காகவே வழக்குகள் தொடுக்கப்பட்டன. உங்கள் கவுன்ட்டியின் ஒப்பந்தத்தை வாங்கினால் இந்த நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

கேள்வி: மகன் விடுதலையாகிவிட்டான். கணக்கில் மீதிப் பணம் இருக்கிறது. போய்விடுமா?

பதில்: பயன்படுத்தாமல் கிடக்கும் பணத்தை 180 நாளுக்கு முன்பு நிறுவனம் எடுத்துக்கொள்வதை ஆணையம் 2022இலேயே தடைசெய்தது. காத்திருக்காமல் இன்றே எழுத்தில் கேளுங்கள். கணக்கு எண், மீதித்தொகை, விடுதலையான தேதி மூன்றையும் குறிப்பிட்டு, அனுப்பியதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.