ஒரே மேசையில் கணக்குக்காரரும் கதைக்காரரும்

கேள்வி: பகடை உருட்டி, ஆளுக்கொரு கேரக்டராக மேசையில் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை (2014 விதிகள்) நான்கு நண்பர்களுக்கு டிஎம்மாக (கதையையும் எதிரிகளையும் கையாள்பவராக) நடத்துகிறேன். எல்லாரும் 5ஆம் லெவல். ஒருவருடைய ஃபைட்டர் (போர்வீரர்) கிளைவ் என்ற நீண்ட கைப்பிடி ஆயுதம் ஏந்தியவர், ஸ்ட்ரெங்த் (உடல் வலிமை) 16. போலார்ம் மாஸ்டர், கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட் (சிறப்புத் திறன்) இரண்டும் உண்டு. இன்னொருவருக்குக் கதைதான் உயிர். வில்லேந்திய அவருடைய ரேஞ்சருக்கு டெக்ஸ் (சுறுசுறுப்பு) 14, ஹன்டர் பிரிவில் ஜயன்ட் கில்லர் என்ற திறன், டிஃபென்ஸ் என்ற சண்டை ஸ்டைல்; 4ஆம் லெவலில் கதைக்காக, கூடுதல் மொழிகள் தரும் லிங்குயிஸ்ட் ஃபீட் எடுத்தார். சண்டையில் அவர் இருப்பதே தெரிவதில்லை. எதிரிகளைப் பலப்படுத்தினால் அவர்தான் முதலில் விழுகிறார். ஃபைட்டரின் ஃபீட்டைப் பறித்துவிடலாமா?

பதில்: பறிக்க வேண்டாம். விதிக்கு உட்பட்டு, மெனக்கெட்டு உருவாக்கிய கேரக்டரை நடுவில் வெட்டினால் அவருக்கு அது தண்டனையாகத்தான் படும். கணக்குப் போடுபவருக்குக் கதை வராது, கதை பிடித்தவருக்கு எண்கள் தேவையில்லை என்று நினைப்பதும் தவறு. இங்கே திருத்த வேண்டியது ரேஞ்சரின் எண்களை.

கிரிட்டிகலை (20 விழுந்தால் கிடைக்கும் கூடுதல் டேமேஜை) விட்டுவிட்டு, ஏசி (அடி படத் தேவையான எண்) 15 உள்ள எதிரியை வைத்துக் கணக்குப் பார்ப்போம். ஃபைட்டர் டி20-இல் (20 முகப் பகடையில்) விழுவதோடு +6 கூட்டுவார். கிரேட் வெப்பன் மாஸ்டர்படி குறியில் 5 குறைத்து டேமேஜில் 10 கூட்டும்போது அது +1 ஆகிவிடும். 14 விழுந்தால்தான் அடி படும், அதாவது 35 சதவீதம். ஆனால் பட்டால் சராசரி 18.5. இரண்டு வீச்சும், போலார்ம் மாஸ்டர் தரும் போனஸ் ஆக்‌ஷனில் மறுமுனையால் அடிக்கும் டி4 அடியும் சேர்ந்து ஒரு சுற்றுக்குச் சராசரி 18.4. ரேஞ்சருக்கு +5, 55 சதவீதம், அம்புக்கு 6.5. இரண்டு அம்பும் சேர்ந்து 7.15தான்.

அட்வான்டேஜ் (இருமுறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) கிடைத்துவிட்டால் ஃபைட்டரின் 18.4 சுமார் 30 ஆகிறது. ஆகவே ஃபிளாங்கிங் விருப்ப விதியை வைத்திருக்கிறீர்கள் என்றால் முதல் வேலையாக அதை நிறுத்துங்கள். இரண்டு பேர் எதிரெதிரே நின்றாலே அட்வான்டேஜ் என்பது இந்த ஃபைட்டருக்குத் தினமும் கிடைக்கும் பரிசு. தூரத்தில் நிற்கும் வில்லாளிக்கு அதனால் எதுவும் இல்லை.

அடுத்து ரேஞ்சரை மறுபடி கட்ட அனுமதி கொடுங்கள். கதையில் ஒரு வரியும் மாறக் கூடாது, லிங்குயிஸ்ட் ஃபீட்டும் அப்படியே இருக்கட்டும். எபிலிட்டி ஸ்கோர்களை இடம் மாற்றி டெக்ஸை 16 ஆக்குங்கள். டிஃபென்ஸுக்குப் பதில் ஆர்ச்சரி. குறியில் +2 கிடைக்கும். டிஃபென்ஸ் போவதால் இழக்கும் 1 ஏசியை உயர்ந்த டெக்ஸ் ஈடுகட்டிவிடும்: ஸ்டடட் லெதர் கவசம் அணிந்தவருக்கு முன்பும் 15, இப்போதும் 15. ஜயன்ட் கில்லர் 5 அடிக்குள் நிற்கும் பெரிய எதிரி தாக்கும்போது மட்டுமே பயன்படும், எட்டி நின்று எய்பவருக்கு அது வீண். அந்த இடத்தில் கொலோசஸ் ஸ்லேயர் வைத்தால், ஏற்கெனவே காயம்பட்ட எதிரிமேல் ஒரு டர்னுக்கு ஒருமுறை டி8 கூடும். இப்போது அம்புக்கு 70 சதவீதம், சராசரி 7.5; காயம்பட்ட எதிரி என்றால் சுற்றுக்கு மொத்தம் 14.6. இருமடங்குக்கும் மேல்! போதவில்லை என்றால் கதை வழியாக ஒரு +1 லாங்போ கொடுங்கள்.

எதிரிகளை வெறுமனே பலமாக்குவது ஏன் எடுபடவில்லை? டேமேஜைக் கூட்டினால் ஹெச்பி (உயிர்ப் புள்ளிகள்) குறைந்தவர்தான் முதலில் விழுவார். கான் (உடல் உறுதி) 14 உள்ள ஃபைட்டருக்கு 44 ஹெச்பியும், தானே கொஞ்சம் ஹெச்பி மீட்டுக்கொள்ளும் செகண்ட் விண்டும் உண்டு. கான் 10 உள்ள ரேஞ்சருக்கு 34தான். ஏசியைக் கூட்டினால் ஃபைட்டரும் தடுமாறுவார் என்பது உண்மைதான். ஆனால் ஏசி 18 என்றால் இப்போதிருக்கும் ரேஞ்சரின் பத்து அம்பில் ஆறு வீணாகும். கதை பிடித்தவர் கைப்பேசியை எடுப்பது அந்தச் சுற்றுகளில்தான்.

எண்ணிக்கையையும் தூரத்தையும் மாற்றுங்கள். 59 ஹெச்பி, ஏசி 11 கொண்ட ஓகர் (பூதம்) இந்த ஃபைட்டருக்கு அல்வா. இரண்டு மூன்று சுற்றில் முடித்துவிடுவார். அதே சண்டையில் 7 ஹெச்பி கோப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்) எட்டு பேர் வந்தால் அந்த +10 பெரும்பாலும் வீணாகும், ஏனென்றால் ஏழு ஹெச்பிக்காரனுக்கு 18 டேமேஜ் தேவையில்லை. அவர்களில் நால்வரை 70 அடி தள்ளி, ஓடைக்கு அப்பால் பாறைமேல் ஷார்ட்போவுடன் நிறுத்துங்கள். ஃபைட்டரின் கிளைவ் எட்டுவது 10 அடி, ஒரு டர்னில் அவர் நடப்பது 30 அடி. லாங்போ 150 அடிவரை தடையின்றி எட்டும். அந்தப் பாறை ரேஞ்சருடைய பொறுப்பு என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

லிங்குயிஸ்ட் ஃபீட்டுக்கும் வேலை கொடுங்கள். செஷனுக்கு ஒரு இடத்திலாவது அந்த மொழி தெரிந்தவருக்கு மட்டும் தகவல் கிடைக்கட்டும்: கோப்ளின்கள் தங்களுக்குள் கத்திக்கொள்வதில் பதுங்கு வழி எங்கே என்பது வெளிப்படலாம். அதற்கு டி20 உருட்டச் சொல்லாதீர்கள். ஃபீட்டை விலையாகக் கொடுத்துவிட்டார், மறுபடி அதிர்ஷ்டத்தையும் கேட்பது நியாயமில்லை.

ஃபைட்டர் ஆடுபவரிடம் தனியாகப் பேசுங்கள், செஷன் நடுவில் வேண்டாம். ரேஞ்சரைத் திருத்த அவருடைய கணக்கு அறிவையே உதவிக்குக் கேட்கலாம். ஆனால் கேரக்டர் எப்படிப்பட்டவர் என்பது ரேஞ்சர் ஆடுபவரின் முடிவு, கேட்டால் மட்டும் யோசனை என்று முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ரேஞ்சரின் ஒவ்வொரு டர்னையும் அவரே ஆடத் தொடங்கிவிடுவார். கிளைவ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது யார், அந்த ஆசான் இப்போது எங்கே என்றும் கேட்டு வையுங்கள். கிடைக்கும் பதிலிலிருந்து ஒரு பாத்திரத்தை அடுத்த இரண்டு செஷனுக்குள் உள்ளே கொண்டுவாருங்கள்.

2024 விதிகளில் அந்த −5/+10 இல்லை. கிரேட் வெப்பன் மாஸ்டர் 5ஆம் லெவலில் அட்டாக் ஆக்‌ஷன் அடிகளுக்கு +3 மட்டும் கூட்டுகிறது. அதற்கு மாற நினைத்தால் நான்கு கேரக்டர்களையும் ஒரே நாளில் மாற்றுங்கள். ஃபைட்டரை மட்டும் மாற்றினால், நீங்கள் முதலில் கேட்ட பறிப்புதான் அது.