கடற்கரைத் தமிழும் மொழி மாடலும்: கேள்வி பதில்

பாம்பன்: அண்ணே, கடலோடிகள் பேச்சைப் பதிவு பண்ணி எழுதினதில் 4 லட்சம் சொல் சேர்ந்திருக்கு. இதை வைத்துப் புதுசா ஒரு மொழி மாடலே, அதாவது கேட்டதுக்குப் பதில் எழுதும் ஏஐயே, உருவாக்கலாமா?

பத்தாது தம்பி. 2022இல் கூகுளின் டீப்மைண்ட் வெளியிட்ட சின்சில்லா ஆய்வின் கணக்குப்படி ஒரு பாராமீட்டருக்கு (மாடல் கற்று வைத்துக்கொள்ளும் எண்) ஏறக்குறைய 20 டோக்கன் (சொல் அல்லது சொல்லின் துண்டு) வேணும். 100 கோடி பாராமீட்டர் மாடலுக்கே 2,000 கோடி டோக்கன். ஏற்கெனவே தமிழ் ஓரளவு தெரிந்த திறந்த மாடலை எடுத்து அதன்மேல் லோரா போடுங்க; பழைய எண்களைத் தொடாம, கூடுதலா சில எண்களை மட்டும் பயிற்றும் முறை அது. அதுக்கு இந்த 4 லட்சம் நல்ல கையிருப்பு.

கீழக்கரை: 16 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணுதான் இருக்கு. 700 கோடி பாராமீட்டர் மாடல் ஏறுமா?

முழுசா பயிற்றினால் ஏறாது. வெயிட் (பாராமீட்டர்களின் மதிப்பு), கிரேடியன்ட் (அதை எந்தப் பக்கம் திருத்தணும்ங்கிற கணக்கு), திருத்துகிற ஆடம் முறை வைத்துக்கொள்ளும் கணக்கு எல்லாம் சேர்த்து பாராமீட்டருக்கு 16 பைட், அதாவது 112 ஜிபி. லோராவின் சிக்கன வடிவமான க்யூலோராவில் அடிமாடலின் ஒவ்வொரு எண்ணும் 4 பிட்டுக்குச் சுருங்கி 3.5 ஜிபி சொச்சத்தில் உட்காரும். ரேங்க் (கூடுதல் பகுதியின் அளவு) 16, ஆல்பா (அதன் தாக்கம்) 32, லேர்னிங் ரேட் (ஒவ்வொரு திருத்தத்தின் அளவு) 0.0002, பேட்ச் (ஒரு தடவைக்கு ஏற்றும் பகுதி) 1, கிரேடியன்ட் சேர்ப்பு (எத்தனை பேட்சுக்கு ஒரு திருத்தம்) 16, இரண்டு சுற்று. இதிலிருந்து ஆரம்பிங்க. மெமரி முட்டினால் ஒவ்வொரு பகுதியின் நீளத்தையும் 1,024 டோக்கனுக்குக் குறையுங்க. பயிற்சி லாஸ் (பிழை அளவு) இறங்கும்போதே சோதனை லாஸ் ஏறினால் மனப்பாடம் பண்ணுதுன்னு அர்த்தம், நிறுத்திடுங்க.

மண்டபம்: சார், மீன் பேரெல்லாம் திரையில் சரியாத்தான் தெரியுது. மாடல் ஏன் குழம்புது?

கண்ணுக்கு ஒண்ணு, கணினிக்கு வேற. 'கொண்டல்' நமக்கு நாலு எழுத்து. எழுத்துக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 7 குறி, 21 பைட். அதிலே 'கொ'வின் கொம்பையும் காலையும் தனித்தனியா அடித்தால் 8 குறி, 24 பைட் ஆகிடும். மாடலுக்கு அது வேற சொல். இதை என்எஃப்சி நார்மலைசேஷன் (ஒரே எழுத்தின் பல வடிவத்தை ஒண்ணாக்கும் யூனிகோடு முறை) சேர்த்துவிடும்.

அது சேர்க்காத பிழை ஒண்ணு இருக்கு. 'வௌவால்' மீனைப் பலரும் கொம்பு போட்டுப் பக்கத்தில் 'ள' அடித்து 'வெளவால்'னு எழுதிடுறாங்க. இதுக்குத் தனியா தேடி மாற்றணும். கண்ணை மூடிக்கிட்டு மொத்தமா மாற்றாதீங்க; 'வெளியே' மாதிரி சரியான சொல்லும் அடிபடும். சொற்பட்டியல் வைத்து மாற்றுங்க.

தங்கச்சிமடம்: எங்க சங்கத்துப் பெண்கள் போனில் மாடலிடம் கேட்கிறாங்க அண்ணே. மீன்பிடித் தடைக்காலத்தைத் தப்பா சொல்லுது, இன்னைக்குக் காற்று எப்படின்னா கதை விடுது.

இதைப் பயிற்சியில் தீர்க்கப் பார்க்காதீங்க தங்கச்சி. மாறுகிற தகவலை வெளியிலிருந்து எடுத்துக் கொடுக்கணும். கிழக்குக் கரைத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். இந்த மாதிரி விதிகளை 300 சொல் துண்டுகளா வெட்டி வைத்து, கேள்விக்குப் பொருந்தும் நாலைந்தை மட்டும் மாடலிடம் கொடுங்க. காற்றுக்கு அன்றைய இன்காய்ஸ் (கடல் தகவல் தரும் மத்திய அரசு மையம்) அறிவிப்பு. அதில் இல்லைன்னா "தகவல் இல்லை"ன்னுதான் சொல்லணும். வள்ளத்தில் போறவங்க உயிர் சம்பந்தப்பட்டது.

பெரும்பாலும் சறுக்குவது தேடலில்தான். கேட்கிறவங்க "கச்சான் ஏறுமா"ம்பாங்க. அறிவிப்பில் 'மேற்குக் காற்று'ன்னு இருக்கும். ரெண்டும் ஒட்டாது. கொண்டல் கிழக்கு, கச்சான் மேற்கு, வாடை வடக்கு, சோழகம் தெற்குன்னு ஒரு அட்டவணை போட்டு, தேடுறதுக்கு முன்னாடி ரெண்டு சொல்லையும் சேருங்க. திசை ஊருக்கு ஊர் கொஞ்சம் நகரும். உங்க கரைப் பெரியவங்களைக் கேட்டே எழுதுங்க.

தொண்டி: சோதனைக்கு எத்தனை கேள்வி ஒதுக்கணும்?

200 போதும், பயிற்சிக்கு முன்பே ஒதுக்கிடுங்க. வாக்கியத்தைக் கலைத்துப் பிரிக்காதீங்க. ஒரே ஆள் பேச்சு ரெண்டு பக்கமும் போய் மார்க் பொய்யா ஏறும். 20 பேர் பேசியிருந்தால் அதில் 3 பேர் பேச்சைப் பயிற்சிப் பக்கமே விடாதீங்க.