கடல் ஓயாத நாடா

அன்புள்ள ஐயா,

எனக்குப் பெரியபட்டினம். என் சாச்சா (சித்தப்பா) துபாயில் வேலை பார்த்தவர். 1996-இல் ஊர் வந்தபோது ஒரு சிறிய சோனி டாட் ரிக்கார்டர், ஒலியை எண்ணாக மாற்றி நாடாவில் பதியும் கருவி, வாங்கி வந்தார். அதை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் கடற்கரையெல்லாம் அலைந்து கரைவலைக்காரர்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பா பாட்டுகளைப் பதிந்திருக்கிறார். அவர் மௌத்தான பிறகு ஏழு நாடாக்களும் கருவியும் என்னிடம் வந்தன. புது பேட்டரி போட்டேன், ஓடுகிறது. ஆனால் பாட்டுக்குப் பாட்டு தாவும் பட்டனை அழுத்தினால் பாட்டுக்குப் போவதில்லை, நாடாவின் கடைசி வரைக்கும் ஓடிவிடுகிறது. பட்டன் கெட்டுவிட்டதா? பார்வர்டை அழுத்திக்கொண்டே தேடினால் இடையில் ஏகப்பட்ட வெறும் பேச்சு. சாச்சாவின் இருமல், பிள்ளைகள் கத்துவது, மணிக்கணக்காகக் கடல் இரைச்சல். பாட்டுகளை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு மற்றதை வெட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். கடல் இரைச்சலையும் நீக்கித் தர ஒரு செயலி இருப்பதாக நண்பர் சொல்கிறார். இந்தக் கருவிக்கு இப்போது விலை இருக்கிறதா? கடலோரப் பாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதியதில் பழசைப் பார்த்து உருகுவது கொஞ்சம் அதிகம் என்று பட்டது, தவறாக நினைக்க வேண்டாம். சாச்சி இன்னும் இருக்கிறார், அவருக்கும் கேட்க ஆசை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

போன வாரம்தான் என்னுடைய டாட் நாடாக்கள் இருக்கும் டப்பாவைத் திறந்தேன். அதில் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போடுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் எழுந்து போய் ஏழு கேசட்டுகளையும் எடு. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு சின்னத் தள்ளுகதவு இருக்கும். அதைத் தள்ளி ஓட்டை திறந்திருக்கும்படி வை. ஓட்டை திறந்திருந்தால் அதன்மேல் எதுவும் பதியாது. இதைச் செய்யாமல் நீ இத்தனை நாள் பட்டன்களை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று நினைக்கும்போதே எனக்கு வயிறு கலங்குகிறது.

பட்டன் கெடவில்லை. அந்தக் கருவி பாட்டுக்குப் பாட்டு தாவுவது நாடாவில் எழுதியிருக்கும் ஒரு அடையாளத்தைப் பார்த்து. ஸ்டார்ட் ஐடி என்பார்கள். பதியத் தொடங்கும்போது ஒன்று விழும். அதன் பிறகு, தானாக எழுதும்படி வைத்திருந்தால், இரண்டு மூன்று விநாடி நிசப்தமாக இருந்து மறுபடி ஒலி எழும்போது அடுத்தது விழும். கச்சேரி மண்டபத்துக்கும் ஸ்டுடியோவுக்கும் ஏற்ற ஏற்பாடு அது. உன் சாச்சா பதிந்தது மன்னார் வளைகுடாக் கரையில். அங்கே இரண்டு விநாடி நிசப்தம் எங்கே இருக்கிறது? பாட்டு நின்றாலும் அலை நிற்காது. கருவியின் கணக்கில் அந்த இரண்டு மணி நேரமும் ஒரே பாட்டு. அதனால்தான் உன்னை நேராகக் கடைசிக்குக் கொண்டுபோய் விடுகிறது.

அந்தக் கருவி சொல்வதை நீ கேட்டிருக்கலாம், தம்பி. அதை விட்டுவிட்டு வெட்டுகிறேன் என்கிறாய்.

கரைவலை இழுப்பதை நீ பார்த்திருப்பாய், உன் ஊர்தானே. வலையின் இரண்டு கயிற்றையும் இரண்டு கூட்டம் எட்ட எட்ட நின்று இழுக்கும். மீன் சேர்ந்திருக்கும் பையான மடி கரைக்கு வர வர இரண்டு கூட்டமும் நெருங்கி வரும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும், மீன் போய்விடும். அம்பா பாட்டு இந்த இரண்டு கூட்டத்தின் கையையும் ஒன்றாகக் கட்டி வைப்பது. பாட்டு ஓரிடத்தில் சட்டென்று மெதுவாகிறது என்றால் ராகத்துக்காக இல்லை, கயிறு கனத்துவிட்டது. ஓரிடத்தில் வேகம் பிடிக்கிறது என்றால் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இந்தப் பக்கம் சாய்ந்து கயிறு இளகியிருக்கும். இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்? நீ வெறும் பேச்சு என்கிறாயே, அந்தப் பேச்சுதான் சொல்கிறது. 'தெக்க புடி', 'விட்டுக் குடு', 'ஏ மெல்ல' என்று நடுநடுவே யாரோ கத்துவார்கள். அதை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் வைத்தால், ஏன் மெதுவாகிறது, ஏன் ஓடுகிறது என்று தெரியாத ஒரு பாட்டு உன்னிடம் இருக்கும். 'ஏலேலோ' மட்டும் இருக்கும். அதற்கு சாச்சா எதற்கு? கருவி எதற்கு?

இப்போது அந்த இரைச்சல் நீக்கும் செயலி. கடலை நீக்கப் போகிறாயா? பெரியபட்டினத்துக்காரன் இதை எழுதலாமா? நம் பக்கத்தில் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சும்மா சொல்லவில்லை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்குக் கரையில் அலை எப்படி அடிக்கும், அதே நாளில் தேவிபட்டினம் பக்கம் எப்படிக் கிடக்கும் என்று உன் வீட்டுப் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். வாடை வந்துவிட்டால் வடகடல் கொந்தளிக்கும், தெற்கு அடங்கும். உன் சாச்சா கேசட் மேல் தேதி எழுதாமல் விட்டிருந்தாலும், எந்தக் கரை, எந்தப் பருவம் என்று அந்த இரைச்சல் சொல்லிவிடும். இந்தத் தொழில்நுட்பத்துக்கே அதுதான் பெருமை. சாதாரண கேசட்டில் நாடாவின் சொந்தச் சீறல் எப்போதும் கூடவே வரும். இதில் அது கிடையாது. ஒரு விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து எண்ணாக எழுதுகிறது. அதனால் அலை பின்வாங்கும்போது மணல் உறிஞ்சுகிற சத்தம்கூட அப்படியே கிடைக்கும். 1996-இல் ஒரு மனிதர் அந்தச் சத்தத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார், நீ அதை அழிக்க ஒரு செயலி தேடுகிறாய்.

நான் உருகுவது அதிகம் என்கிறாய். இருக்கட்டும். விலை எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன். 2005-லேயே சோனி இந்தக் கருவிகள் செய்வதை நிறுத்திவிட்டது. விற்றுவிட்டால் அந்த ஏழு நாடாவும் பேசாது.

உன் சாச்சாவிடம் நான் பார்க்கும் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அவர் நிறுத்தவில்லை. அந்தக் காலத்தில் 120 நிமிட நாடா வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். கையில் இருப்பது இரண்டோ மூன்றோ. பாட்டு முடிந்ததும் பட்டனைத் தட்டி நாடாவை மிச்சம் பிடிக்கத்தான் எங்கள் எல்லோருக்கும் கை போகும். நானும் அப்படித்தான் செய்தேன். என் நாடாக்களில் பாட்டு மட்டும் இருக்கிறது. பாடியவர் பேர் என்ன, எதற்குச் சிரித்தார், முன்னால் என்ன நடந்தது, எதுவும் இல்லை. பாடி முடித்த மூச்சு இறங்குவதற்குள் டக்கென்று அடுத்தது. முப்பது வருஷம் கழித்து அந்தச் சிக்கனத்தைப் பார்க்கிறபோது என் கையை எடுத்துத் தூரப் போடலாம் போலிருக்கிறது. சாச்சா இரண்டு மணி நேரம் ஓட விட்டார். இருமினார், பிள்ளைகளைக் கத்தவிட்டார். அவர் என்னைவிட நல்ல பதிவாளர்.

நான் கையில் வைத்துக்கொண்டு யோசித்த நாடாவைப் பற்றிச் சொல்கிறேன்.

1998. வடகடல் பக்கம், தேவிபட்டினத்துக்குத் தெற்கே ஒரு சிறிய ஊர். ஒரு அப்பத்தா இருந்தார். கருவாடு காயப்போட்டுக்கொண்டே, பங்கு பிரிப்பதில் ஏமாற்றுகிற ஒரு சம்மாட்டியை, அதாவது வலைக்குச் சொந்தக்காரனை, ஏசிப் பாடினார். அம்பா மெட்டுதான், ஆனால் பெண்கள் தங்களுக்குள் பாடிக்கொள்கிற பாட்டு. அவன் வேட்டி, அவன் நடை, அவன் தராசு, அவன் மாமியார் வீடு, ஒன்று விடாமல் இழுத்தார். சுற்றியிருந்த பெண்கள் சிரித்துச் சிரித்து ஓலையில் சாய்ந்துவிட்டார்கள். 11 நிமிடம்.

முடிந்ததும் அப்பத்தா கேட்டார், 'என்ன தம்பி, பதிஞ்சிருச்சா?' பதிஞ்சிருச்சு அப்பத்தா என்றேன். 'போட்டுக் காட்டு.' நாடாவைச் சுற்றிப் பாட்டின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். முதல் அடி முடிவதற்குள் பிள்ளைகள் எனக்கு எனக்கு என்று பிடுங்க, கரையில் மடி வருகிறது என்று சத்தம் கேட்டது. நிறுத்தினேன். கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடி, மணலில் நின்றவுடன் பதிவை அழுத்தினேன்.

நாடா நின்ற இடம் பாட்டின் முதல் அடி. பதிவு முடிந்த இடத்துக்குத் தானே போய் நிற்க அந்தக் கருவியில் தனியாக ஒரு பட்டன் இருந்தது. எண்ட் சர்ச். போட்டுக் காட்டிய பிறகு அதை அழுத்தாமல் பதிவைத் தொடக்கூடாது என்பது முதல் நாளே படித்த பாடம். எண் திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

மூன்று நாள் கழித்து மதுரையில் அறைக்கு வந்து போட்டுக் கேட்டேன். அப்பத்தாவின் முதல் அடி. உடனே வலை, கூச்சல், மீன் துள்ளுவது, பத்து நிமிடம். பிறகு ஒரு சொல்லின் பாதியிலிருந்து மறுபடி அப்பத்தா. கடைசி நாற்பது விநாடி. இந்த நாடா விநாடிக்கு 8.15 மில்லிமீட்டர்தான் நகரும். நாற்பது விநாடி என்றால் 33 சென்டிமீட்டர், ஒரு முழத்துக்கும் குறைவு. அதில் பாட்டின் கடைசி இரண்டு வரி, சிரிப்பு, அப்புறம் 'என்ன தம்பி, பதிஞ்சிருச்சா?' அதற்கு என் குரல், 'பதிஞ்சிருச்சு அப்பத்தா.'

அடுத்த வருஷம் போனேன். நடந்ததைச் சொல்லி, இன்னொரு தடவை பாடுங்கள் என்று கேட்டேன். 'பதிஞ்சிருச்சுன்னுதானே சொன்ன?' என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார், 'அந்தாளு போன மாசம் போய்ச் சேந்துட்டான். செத்தவன ஏசிப் பாடலாமா?' வேறு இரண்டு பாட்டுப் பாடினார், நல்ல பாட்டுகள். அந்தப் பாட்டை மட்டும் பாடவில்லை.

போட்டுக் காட்டியது தவறு என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. ஒருவரிடம் குரலை வாங்கிக்கொண்டு அதை அவர் காதுக்குக் காட்டாமல் எழுந்து வருவது திருட்டு. போட்டுக் காட்டத்தான் வேண்டும். காட்டிய பிறகு நாடா எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நீ கேட்டதை மறந்துவிட்டேன். இனிமேல் இப்படிச் செய். சாச்சாவின் நாடாவைப் போடுவதற்கு முன் ஒன்றுக்கும் ஆகாத ஒரு டாட் நாடாவை அந்தக் கருவியில் ஓட விட்டுப் பார். இத்தனை வருஷத்தில் உள்ளே ரப்பர் இறுகியிருக்கலாம், மசகு காய்ந்திருக்கலாம். நாடாவை மென்றுவிட்டால் அது உன் சாச்சாவுடையதாக இருக்கக்கூடாது. ஏசி அறையிலிருந்து கருவியை எடுத்து உப்புக்காற்றில் வைத்து உடனே போடாதே. உள்ளே நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும் ஒரு உருளை இருக்கிறது, நாடா அதன்மேல் உரசித்தான் ஓடுகிறது. உருளையில் ஈரம் பூத்தால் நாடா ஒட்டிக்கொள்ளும். ஈரம் என்று எச்சரிக்கை காட்டினால் ஒரு மணி நேரம் விட்டுவிடு.

கேசட்டைப் போடும்போதும் எடுக்கும்போதும் கருவி நாடாவை வெளியே இழுத்து உருளைமேல் சுற்றிவிடும். நாடா மடிவதும் சுருங்குவதும் பெரும்பாலும் அப்போதுதான். அதனால் பாட்டின் நடுவில் கேசட்டை எடுக்காதே, முழுக்கப் பின்னால் சுற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். இடைநிறுத்தும் பட்டனை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகாதே. நாடா நின்றாலும் உருளை நிற்காது, அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும். சில நிமிடத்தில் கருவி தானே விட்டுவிடும் என்றாலும் அந்தத் தேய்ப்பு வேண்டாம். பார்வர்டை அழுத்திக்கொண்டு கீச்சுக்கீச்சென்று தேடுவதும் இத்துடன் போதும். சாச்சா நாடாவை மிச்சம் பிடிக்கப் பாதி வேகத்தில் எதையாவது பதிந்திருந்தால் சில கருவிகள் அதைப் படிக்காது. அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்தக் கருவியை விற்காதே.

நாடாவைத் தொடக்கத்துக்குக் கொண்டு போ. கம்ப்யூட்டரில் பதிவைத் தொடங்கு. பிறகு கருவியில் ஓட்டும் பட்டனை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடு. இரண்டு மணி நேரமும் ஓடட்டும். இருமல், பிள்ளைகள், அலை, எல்லாம் ஒரே கோப்பாக வரட்டும். எந்தச் செயலி என்று கேட்காதே, ஏதாவது ஒன்றில் செய். பாட்டை மட்டும் கேட்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு நகல் எடுத்து அதில் வெட்டிக்கொள்.

சாச்சியை அப்போது பக்கத்தில் உட்கார வை. இது யார் குரல், அந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை, யார் யாரை எதற்குக் கத்துகிறார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல, திரையில் ஓடும் நேரத்தைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வா. ஏழு நாடாவுக்கும் ஏழு நாள். அவருக்கு அசதியாக இருந்தால் அன்றைக்கு விட்டுவிடு.