நாலு பேட்டரி, நாலு நிழல்: குன்பே யோக்கோய் பற்றிய கேள்விகள்

கேள்வி: ஜப்பானிய வீடியோ கேம் கம்பெனி நின்டெண்டோ என்றாலே மாரியோவும் அதை உருவாக்கிய மியாமோட்டோவும்தான் பேச்சில் வருகிறார்கள். இந்தக் குன்பே யோக்கோய் யார்?

பதில்: மியாமோட்டோவுக்கு முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். 1981-ல் 'டாங்கி காங்' என்ற வீடியோ கேம் உருவானபோது மியாமோட்டோவை மேற்பார்த்தவரும் இவர்தான். 1941-ல் கியோட்டோவில் பிறந்தார். தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்துவிட்டு 1965-ல் நின்டெண்டோவில் சேர்ந்தார். அப்போது அது சீட்டுக்கட்டுக் கம்பெனி. ஹனாஃபுடா என்ற ஜப்பானியச் சீட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பது இவர் வேலை. சும்மா இருந்த நேரத்தில், குறுக்குச் சட்டங்கள் விரிந்து நீளும் ஒரு பிடி செய்து விளையாடிக்கொண்டிருந்ததை முதலாளி ஹிரோஷி யமாவுச்சி பார்த்துவிட்டார். திட்டு விழவில்லை, அதையே விற்பனைப் பொருளாக்கு என்று உத்தரவு வந்தது. 1966-ல் 'அல்ட்ரா ஹாண்ட்' என்ற பெயரில் கடைக்கு வந்து பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

கேள்வி: 'வாடிப்போன தொழில்நுட்பம்' என்பது அவர் கொள்கை என்கிறார்கள். பழைய சரக்கை மலிவாக விற்பதற்கு அழகான பெயரா?

பதில்: பாதி சரி. அவர் ஜப்பானிய மொழியில் 'கரேத்தா' என்றார். செடி வாடிக் காய்வதற்கும், பக்குவப்படுவதற்கும் அதே சொல்தான். பல வருடம் பலர் பயன்படுத்தி, விலை இறங்கி, எங்கே பழுதாகும் என்பதுவரை தெரிந்துவிட்ட உதிரிபாகத்தை எடு, அதை யாரும் நினைக்காத இடத்தில் வை என்பதே விஷயம். இரண்டாவது பாதியை விட்டுவிட்டால் வெறும் பழைய சரக்குதான். 1969-ல் வந்த 'லவ் டெஸ்டர்' நல்ல உதாரணம். உள்ளே இருப்பது மின்னோட்டம் காட்டும் ஒரு முள். இருவர் ஆளுக்கொரு உலோகக் குமிழைப் பிடித்து, மற்றக் கைகளைக் கோத்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கை வியர்த்தால் மின்தடை குறைந்து முள் ஏறும். காதலை அளக்கவில்லை, வியர்வையை அளந்தது. ஆனால் ஆணும் பெண்ணும் கை கோக்க ஒரு சாக்கு கிடைத்ததே, அதைத்தான் அவர் விற்றார்.

கேள்வி: 'கேம் & வாட்ச்' என்ற கை விளையாட்டுக் கருவி பிறந்த கதை உண்மையா?

பதில்: உண்மை. ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் யோசனை வந்தது. பிறகு ஒருநாள் யமாவுச்சியின் காரோட்டிக்கு உடம்பு சரியில்லாமல் போக, யோக்கோய் காரை ஓட்டினார். வழியில் பேச்சுவாக்கில் யோசனையைச் சொன்னார். அன்றைய கூட்டத்தில் யமாவுச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஷார்ப் கம்பெனித் தலைவர். கால்குலேட்டர் விலைப்போரில் அடிபட்டிருந்த ஷார்ப்புக்கு எல்சிடிக்குப் புது வேலை தேவைப்பட்டது. முதல் கருவி 'பால்' 1980 ஏப்ரலில் 5,800 யென்னுக்கு வந்தது.

அந்தத் திரையை ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். பந்து போகக்கூடிய ஒவ்வொரு இடமும் கண்ணாடியில் முன்கூட்டியே வடிவமாகப் பதிந்திருப்பது மங்கலாகத் தெரியும். பந்து நகர்வதே இல்லை. அடுத்தடுத்த வடிவங்கள் கறுத்து மறைகின்றன. கால்குலேட்டரில் 8 என்ற எண்ணின் ஏழு கோடுகள் வேலை செய்வதும் இப்படித்தான். அதனால்தான் இரண்டு பட்டன் பேட்டரி போதுமாயிற்று.

கேள்வி: கூட்டல் குறி வடிவப் பொத்தானில் அப்படி என்ன விசேஷம்? என் பழைய கருவியில் வலது பக்கம் அழுத்தினால் சில சமயம் மேலே போகிறது.

பதில்: 1982-ல் வந்த 'டாங்கி காங்' கேம் & வாட்ச் புத்தகம் போல மூடும் வகை. ஜாய்ஸ்டிக் வைத்தால் மூடி மூடாது. நாலு தனிப் பொத்தான் வைத்தால் குனிந்து பார்த்துத்தான் அழுத்த வேண்டும். ஒரே சிலுவையாகச் செய்து நடுவில் கீழே ஒரு முட்டு வைத்ததில் இரண்டுமே தீர்ந்தன: இடது இறங்கினால் வலது தானாக உயரும், எதிரெதிர் திசைகள் சேர்ந்து அழுந்தாது, பெருவிரலுக்குப் பார்க்காமலே திசை தெரியும்.

உங்கள் பழுதும் பெரும்பாலும் அங்கேதான். சிலுவைக்குக் கீழே ரப்பர் மெத்தை, அதன் அடியில் நாலு கரிப் புள்ளிகள். ரப்பர் கிழிந்திருந்தாலோ, மாற்றிப் போட்ட சிலுவையின் நடு முட்டு குட்டையாக இருந்தாலோ, சிலுவை முழுதாக அமுங்கிப் பக்கத்துத் திசையையும் தொட்டுவிடும். ஒரு திசையை மட்டும் பலமாக அழுத்த வேண்டியிருந்தால் அது அழுக்கு. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பஞ்சைத் தொட்டுக் கரியையும் பலகையையும் லேசாகத் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கரி போய்விடும், அப்புறம் ரப்பரையே மாற்ற வேண்டும்.

கேள்வி: கலரும் இல்லை, திரையில் விளக்கும் இல்லை. நின்டெண்டோவின் அடுத்த கைக்கருவி கேம் பாய் எப்படி ஜெயித்தது?

பதில்: பேட்டரியால். 1989 ஏப்ரல் 21 அன்று 12,500 யென்னுக்கு வந்தது. 160-க்கு 144 புள்ளித் திரை, பச்சையில் நாலே நிழல், நாலு ஏஏ பேட்டரி, 15 மணி நேரத்துக்குக் குறையாத ஆட்டம். அடுத்த வருடம் வந்த போட்டிக் கம்பெனி சேகாவின் கேம் கியரில் கலரும் விளக்கும் உண்டு. ஆறு பேட்டரியை 3 முதல் 5 மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தது. கைக்கருவி ஒன்றை பேட்டரி வாங்கிப் போட்டே ஓட்ட வேண்டிய காலம் அது. கேம் பாயும் அதன் கலர் தம்பியும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றன. ஒன்று சொல்லியாக வேண்டும்: புகழ் முழுவதும் யோக்கோய்க்கே போகிறது, ஆனால் உள்ளே இருந்த பொறியியல் பெரும்பாலும் அவர் குழுவைச் சேர்ந்த சதோரு ஒகாடாவின் உழைப்பு.

கேள்வி: பழைய கேம் பாய் திரையில் நெட்டுக்குத்தாகச் சில வரிசைகள் காணவில்லை. திரை போய்விட்டதா?

பதில்: திரை நன்றாகத்தான் இருக்கும். கண்ணாடியின் கீழ் ஓரத்தில் சூட்டால் ஒட்டிய ரிப்பன் கேபிள் விட்டுப்போயிருக்கிறது. பின்பக்கம் ஆறு ஸ்க்ரூ, பேட்டரி அறைக்குள் இருக்கும் இரண்டையும் சேர்த்து. மூன்று கை நட்சத்திர வடிவத் தலை. அதற்கான திருப்புளி இல்லாமல் கத்தி முனையால் முயன்றால் தலை மழுங்கும். இரண்டு பாதிகளையும் ஒரு பட்டைக் கேபிள் இணைக்கிறது, வெடுக்கென்று பிரிக்காதீர்கள். முன்பாதிப் பலகையைக் கழற்றி, திரைக்குக் கீழே உள்ள ரப்பர் பட்டையை நகர்த்தினால் ரிப்பன் தெரியும். கருவியை ஓடவிட்டு, சால்டரிங் அயர்னைக் குறைந்த சூட்டில் வைத்து, ஈயம் இல்லாத சுத்தமான முனையால் ரிப்பன் மேல் மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். வரிசைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவது கண்ணெதிரே தெரியும். ஒரே இடத்தில் நிறுத்தினால் ரிப்பன் கருகிவிடும், அதற்கு வைத்தியம் கிடையாது. படுக்கைவாட்டு வரிசைகள் காணவில்லை என்றால் அது பக்கவாட்டு ரிப்பன். இன்னும் மென்மையானது, பழக்கமில்லாதவர்கள் கை வைக்க வேண்டாம்.

பேட்டரி அறையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது காரம் கசிந்தது. கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹால், பிறகு நன்றாகக் காயவிடுங்கள்.

கேள்வி: கேம் பாயில் சேமித்த ஆட்டம் எல்லாம் அழிந்துவிடுகிறதே?

பதில்: சேமிக்கும் வசதியுள்ள கார்ட்ரிட்ஜ்களில் (கருவியில் செருகும் ஆட்டப் பெட்டிகளில்) பெரும்பாலும் ஒரு காசு பேட்டரி இருக்கும். திறந்து, மேலே பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண் வாங்குங்கள். சிஆர்2025, சிஆர்1616 இரண்டும் உண்டு. தகடு பற்றவைத்து வருவதாகப் பார்த்து வாங்க வேண்டும். வெறும் பேட்டரி மீது நேராக ஈயம் வைத்தால் சூடேறி வெடிக்கலாம். பழையதை எடுத்த உடனே மிச்சமிருக்கும் ஆட்டமும் போய்விடும்.

கேள்வி: ஆழம் தெரியும் படம் காட்டிய 'வர்ச்சுவல் பாய்' கருவி தோற்றதால் யோக்கோயை நின்டெண்டோவிலிருந்து வெளியேற்றினார்களாமே?

பதில்: தோற்றது உண்மை. 1995 ஜூலையில் 15,000 யென்னுக்கு வந்தது. மொத்தம் 22 ஆட்டங்களோடு முடிந்துபோனது. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரே வரிசை சிவப்பு எல்இடி. அதிரும் கண்ணாடி அந்த ஒற்றை வரியை முழுப் படமாக விரித்தது. சிவப்பு மலிவு, மின்சாரமும் குறைவு. பார்க்கப்போனால் வாடிய தொழில்நுட்பக் கொள்கையேதான். இடறியது வேறு இடத்தில்: மேசை மேல் வைத்துக் கழுத்தை நீட்டிப் பார்க்க வேண்டும்; சட்டைப்பையில் போகாது; ஆடுபவர் காணும் ஆழத்தைப் பக்கத்தில் இருப்பவருக்கோ விளம்பரத்திலோ காட்ட வழியில்லை.

அதனால் வெளியேற்றினார்கள் என்பதை அவரே மறுத்து எழுதியிருக்கிறார். 1996-ல் மெலிந்த 'கேம் பாய் பாக்கெட்' வெளிவந்த பிறகு, ஆகஸ்ட்டில் விலகினார்.

கேள்வி: அதற்குப் பிறகு?

பதில்: 'கோட்டோ' என்ற சொந்தக் கம்பெனி தொடங்கி, பொம்மைக் கம்பெனி பண்டாய்க்காக 'வொண்டர்ஸ்வான்' என்ற கைக்கருவியில் வேலை செய்தார். 1997 அக்டோபர் 4 அன்று இஷிகாவா மாகாணத்தில், நெடுஞ்சாலையில் நடந்த விபத்துக்குப் பிறகு காரைவிட்டு இறங்கி நின்றபோது வேறொரு வண்டி மோதி இறந்தார், வயது 56. வொண்டர்ஸ்வான் 1999 மார்ச்சில் 4,800 யென்னுக்கு வந்தது. அதோடு வந்த புதிர் ஆட்டத்துக்கு 'குன்பே' என்று பெயர். கருவிக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு ஏஏ பேட்டரி.