பாறைச் செதுக்கல்மீது சுண்ணக்கட்டி தடவிப் படிக்கலாமா?

கூடாது. பாறையைக் கொத்தி உருவாக்கியது செதுக்கல். காவிக்கல் போன்ற நிறக்கல்லைக் குழைத்துப் பாறையில் தீட்டியது ஓவியம். பினாங்குக்காரர்களுக்கு முதல் வகை பக்கத்திலேயே இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் உள்ள செரோக் தோக் குன் கல்வெட்டுதான் அது. 1845-இல் கர்னல் ஜேம்ஸ் லோ அதைப் பதிவு செய்தார். ஓவியத்துக்கு ஈப்போ போக வேண்டும். தம்பூன் குகையில் செந்நிற உருவங்கள் உள்ளன.

செதுக்கல் கண்ணுக்குத் தெரிவதே பள்ளத்தில் விழும் நிழலால்தான். சுண்ணக்கட்டியால் தேய்த்தால் கோட்டின் விளிம்பு உதிரும். அதைவிட மோசம், நாம் தவறாகப் படித்துப் பூசிய வளைவு அடுத்து வருபவருக்கு மூல எழுத்தாகவே தெரியும். தேய்ந்த அம்மியை மறுபடி கொத்திக்கொள்ளலாம். கல்வெட்டைக் கொத்தினால் அது நம் எழுத்தாகிவிடும். அந்தி நேரத்தில் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில், கல்லை ஒட்டினாற்போல் தாழ்த்திப் பிடியுங்கள். எழுத்து தானாக எழுந்து நிற்கும். செதுக்கிப் பார்க்கும் ஆசையா? கல்பட்டறையில் மிஞ்சிய கருங்கல் துண்டு போதும்.

தண்ணீர் தெளித்தால் ஓவியம் பளிச்சென்று தெரியும், கெடுதல் ஒன்றும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஈரம் காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பு மேலே வந்து படிந்து, நிறத்தை மறைக்கும் அல்லது பெயர்த்துவிடும்.